கழுத்தளவு நீரில் பதினொரு மணி நேரம்

அந்த ஆண்டிலிருந்து மேலாளர் பதவிக்கு மூன்று துன்பங்கள் கட்டாயம் என்றாகிவிட்டது. அதற்கு முன் இரண்டு போதும்.

கோயம்புத்தூர் இன்னல் பயிற்சிக் கழகத்தின் வாசலில் காலை எட்டு மணிக்கே கார்கள் வரிசை கட்டி நிற்கும். உள்ளே சாய்வு நாற்காலிகளில் பெரிய நிறுவனங்களின் ஆட்கள் நெற்றியில் பட்டறிவி என்ற பட்டையைக் கட்டிக்கொண்டு குளிரூட்டிய அறையில் வியர்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருவர் மூன்று வருடம் மழையைப் பார்க்காத விவசாயியாக இருப்பார். இன்னொருவர் தீப்பிடித்த கடையின் முன்னால் கைக்குழந்தையோடு நிற்பார். எல்லாம் நாற்பது நிமிடம்தான்.

பட்டறிவி படம் காட்டும் கருவி அல்ல. துன்பம் பட்டவரின் மூளையில் அந்த நாள் எப்படிப் பதிந்திருக்கிறதோ, அதைப் பயம், பசி, பெயர், முகம் எல்லாவற்றோடும் அப்படியே எடுத்து இன்னொருவர் மூளையில் நட்டுவிடும். பிறகு அது அவருக்கே நடந்ததாக ஆயுசுக்கும் நினைவில் இருக்கும். கஷ்டமே தெரியாமல் வளர்ந்தவர்கள் முதல் சறுக்கலிலேயே தொழிலை இழுத்து மூடிவிட்டு ஓடிய காலம் இதனால் போயே போய்விட்டது. "வறட்சி முடிச்சாச்சா? அடுத்து புற்றுநோய் எடுங்க, கொஞ்சம் சிரமம், ஆனா நல்லா நிக்கும்" என்று சாப்பாட்டு மேசையில் பேசிக்கொண்டார்கள். கேட்கிறவருக்கு வயிறு எரியும். ஆனால் பலன் இருந்தது, அதை மறுக்க முடியாது.

இப்படிப்பட்ட காலத்தில் தாரணி அம்மையாரின் துன்பத்துக்கு எவ்வளவு கிராக்கி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தாரணி நெசவகத்தின் தலைவி, வயது அறுபத்தெட்டு. இருபத்து நான்கு வயதில், பள்ளிபாளையத்தில் பத்துத் தறிகளோடு பட்டறை நடத்தியபோது, காவிரி வெள்ளத்தில் மாட்டிக்கொண்டவர். காலை ஆறு மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரை, கழுத்தளவு நீரில், பட்டறையின் கிரில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுநாளே சேற்றை வழித்துப் போட்டுவிட்டுத் தறியை ஓட்டினார். இந்தக் கதையை முந்நூற்றுப் பன்னிரண்டு மேடைகளில் சொல்லியிருக்கிறார். "கை விட்டுடலாம்னு தோணும்போது இன்னும் ஒரு நிமிஷம்னு சொல்லிக்குங்க" என்று முடிப்பார். எழுந்து நின்று கை தட்டுவார்கள்.

அந்தப் பதினொரு மணி நேரத்தைப் பட்டறிவியில் சொருகும் வில்லையாகப் பதிவு செய்து தரும்படி கழகம் ஆறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. தாரணி ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டார். இந்த வருடம் நானூற்றுப் பதினோரு மேலாளர்கள் தங்கள் மூன்றாவது துன்பமாக அதையே கேட்டுப் பெயர் கொடுத்துவிட்டார்கள். இனி மறுத்தால் நன்றாக இருக்காது. தவிர, இத்தனை தடவை சொன்ன கதை, மூளையிலும் அப்படியேதான் பதிந்திருக்கும் என்று நம்பினார்.

பதிவு எடுத்தவள் ரெஜினா. கழகத்தில் பதினைந்து வருட அனுபவம். பதிவு முடிந்ததும் வில்லையைப் பட்டறிவியில் சொருகி நீட்டினாள்.

"ஒரு தடவ நீங்களே போட்டுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடணும் மேடம். விதிங்க."

"என் கதை எனக்குத் தெரியாதாம்மா?"

"போட்டுப் பாருங்க மேடம்" என்றாள் ரெஜினா. அவள் ஏற்கெனவே பார்த்துவிட்டாள் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது.

தாரணி கட்டிக்கொண்டார். கண்ணை மூடினார்.

கால் நனையவில்லை.

பட்டறைக்கு மேலே இருந்த மாடி அறையில், காய்ந்த தரையில், சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பிளாஸ்கில் காப்பி. வலது கை மூடியிருந்தது. உள்ளங்கையில் ஏதோ குத்தியது. பூட்டுச் சாவி.

கீழே, பூட்டிய கிரில்லுக்குப் பின்னால், ஜோதிமணி நின்றுகொண்டிருந்தாள்.

ஜோதிமணி பாவு பிணைக்கிறவள். தறியில் தீர்ந்துபோகிற பாவின், அதாவது நீளவாக்கு நூலின், ஒவ்வொரு இழையையும் புதுப் பாவின் இழையோடு விரலால் முறுக்கிச் சேர்க்கிற வேலை. நாலாயிரம் இழை. நடுவில் எழுந்து போனாலோ, யாராவது உள்ளே வந்து பேச்சுக் கொடுத்தாலோ எண்ணிக்கை தப்பிவிடும் என்று, பாவு பிணைக்கும் நேரத்தில் கிரில்லை வெளியே பூட்டிவிடுவது அந்தப் பட்டறையின் வழக்கம். அன்றும், முந்தின நாள் விட்ட மீதியைப் பிணைக்க, விடிவதற்கு முன் பூட்டிவிட்டு, வெளிப்படி வழியாகத் தாரணி மாடிக்குப் போயிருந்தார். ஆறு மணிக்கு எச்சரிக்கைச் சங்கு ஊதியது. ஜோதிமணி கூப்பிட்டாள். "முந்நூறு இழைதானே இருக்கு, முடிச்சிருங்க" என்று மேலிருந்தே சொன்னார் தாரணி. கால் மணி நேரத்தில் தெருவுக்குள் ஆறு வந்துவிட்டது.

"அம்மிணி, சாவியப் போடுங்க. நானே தொறந்துக்கறேன்."

கிரில் சந்து வழியாகக் கையை நீட்டினாள். இரண்டு ஆள் உயரம்தான். குழந்தைகூடப் போட்டுவிடும்.

கை திறக்கவில்லை. போட்டால் நீரில் விழுந்துவிடுமோ, விழுந்தால் ஏன் பூட்டினாய் என்று கேட்பார்களோ, இறங்கிப் போனால் அடித்துக்கொண்டு போய்விடுமோ என்று என்னென்னவோ ஓடியது. ஆனால் எதுவும் காரணமாக நிற்கவில்லை. கை மூடியே இருந்தது, அவ்வளவுதான். நீர் இடுப்புக்கு வந்தது, நெஞ்சுக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது. மிதந்து வந்த பாவு உருளை ஒன்று ஜோதிமணியின் வலது கையைக் கிரில்லோடு சேர்த்து நசுக்கியது. அந்த அலறலைக் கேட்டுத் தாரணி சன்னலைச் சாத்தினார். மாலையில் பரிசல்காரர்கள் வந்து கடப்பாரையால் பூட்டை உடைக்கும்வரை அவர் சன்னலைத் திறக்கவேயில்லை.

பட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டார் தாரணி. வெட்கம் காது மடல்வரை சுட்டது. சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு எங்காவது போய்விட வேண்டும்போல் இருந்தது. ஜோதிமணிக்கு மூன்று விரல்களை எடுத்தார்கள். மருத்துவமனைக்கு ஆப்பிள் கொடுத்தனுப்பினார், தான் போகவில்லை. பிறகு ஊரையே விட்டு வந்துவிட்டார். முதல் பேட்டியில், வெள்ளத்தைப் பற்றிக் கேட்டபோது, நீரில் நின்றவள் தான்தான் என்று சொல்லிவிட்டார். ஒரே ஒரு தடவைதான் சொல்ல நினைத்தார்.

"அழிச்சிடும்மா" என்றார்.

"அழிக்கலாங்க மேடம். காரணம் எழுதணும்." ரெஜினா படிவத்தை நகர்த்தினாள். இரண்டே கட்டங்கள் இருந்தன. பதிவில் பிழை என்று ஒன்று. அதில் குறியிட்டால் வேறு இருவர் சரிபார்ப்பார்கள். இதுவரை நான் சொல்லிவந்தது உண்மையல்ல என்று இன்னொன்று.

தாரணி பேனாவை எடுத்தார். அவர் கெட்டிக்காரி. அந்த நிலையிலும் மூளை வேலை செய்தது. வில்லையைப் போடுகிறவர்களுக்கு இது சொந்த நினைவாகிவிடும். சொந்த அவமானத்தை எவன் ஊரைக் கூட்டிச் சொல்வான்? நாற்பத்து நான்கு வருடம் நான் சொன்னேனா? நானூற்றுப் பதினோரு பேரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

அந்தப் படிவத்தை ஒதுக்கிவிட்டு, வெளியிடலாம் என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டார். ரெஜினா அவரைப் பார்க்காமல் படிவத்தை வாங்கிக்கொண்டாள்.

கணக்குத் தப்பவில்லை என்றுதான் முதலில் தோன்றியது. இரண்டு வாரம் கழித்துக் கழகம் ஒரு பாராட்டு விழா நடத்தியது. "மிகவும் ஆழமான துன்பம்" என்றார் ஒருவர். "என்னை மாற்றிவிட்டது" என்றார் அடுத்தவர். யாரும் தாரணியின் முகத்தைப் பார்க்கவில்லை. மேடையிலிருந்து அரங்கை நோக்கியபோதுதான் ஒன்று தெரிந்தது. அத்தனை பேரும் வலது கையை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அன்று யாருக்கும் கை தட்ட வரவில்லை.

அடுத்த திங்களன்று அவருடைய துணைத் தலைவன் செந்தூரன் விடுப்புக் கேட்டு வந்தான். முப்பத்தைந்து வயது, கறாரான ஆள், விடுப்பே எடுக்காதவன்.

"எங்க போறீங்க?"

"பள்ளிபாளையமுங்க மேடம்." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "சோறு எறங்க மாட்டேங்குதுங்க. கண்ண மூடுனா அந்தக் கை. நான்தானே பூட்டிட்டு மேல போனேன்? ஒரு தடவ நேர்ல பாத்துச் சொல்லிட்டு வந்தாத்தான் மனுசனா இருக்க முடியும்போல."

தாரணி விடுப்புப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"பாதிப் பேரு போயிட்டு வந்துட்டாங்களாம். நீங்களும் அப்பவே போயிருப்பீங்கள்ல மேடம்?" அவன் குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பினான்.

"ம்" என்றார் தாரணி.

அவன் போனபின் அந்த 'ம்'மை நினைத்துக் கூசிப்போனார். அவருக்குள் அந்தக் காயம் நாற்பத்து நான்கு வருடத்தில் காய்த்துப்போயிருந்தது. மேடைக் கைதட்டல் வேறு அதன்மேல் பூசிக்கொண்டே வந்தது. இவர்களுக்கோ அது போன வாரம் நடந்தது. அந்த வித்தியாசம் அவர் போட்ட கணக்கில் வரவேயில்லை.

மூன்று நாள் தள்ளிப்போட்டார். நாலாவது நாள், அலமாரியின் அடியிலிருந்து ஒரு பழைய சாவியை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டார். அதை ஏன் தூக்கி எறியாமல் வைத்திருந்தார் என்று அவருக்கே தெரியாது. காரில் போகும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு தடவை பேசிய வாய்க்கு இரண்டு வாக்கியம் வர மறுத்தது. கடைசியில் சேர்த்துவிட்டார். 'சாவி என் கையிலதான் இருந்துச்சு. போட்டிருக்கலாம், போடல.' இவ்வளவுதான். எந்த அலங்காரமும் இல்லாத பேச்சு. வாழ்க்கையிலேயே முதல்தடவையாக உண்மையாக ஒன்று சொல்லப் போகிறோம் என்று நினைத்தபோது கொஞ்சம் தெம்பாகக்கூட இருந்தது.

ஜோதிமணியின் தெருவில் கார் நுழைய முடியவில்லை. இரண்டு பக்கமும் நல்ல நல்ல கார்கள். வீட்டு முன்னால் பந்தல் போட்டுப் பிளாஸ்டிக் நாற்காலிகள். அவற்றில் கைகளை மூடிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, முப்பது பேர். ஜோதிமணியின் மருமகள் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"கழகத்துலருந்தும் வந்தாங்கங்க" என்று அவள் முன்னால் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "அத்தை இடது கையாலயே பாவு பிணைக்கப் பழகி இருபது வருசம் வேல செஞ்சாங்கல்ல, அதப் பதிவு பண்ணிக் குடுங்கன்னாங்க. நான் பட்டது என்னோட போகட்டும், வேற ஆருக்கும் வேண்டாம்னுட்டாங்க."

தாரணி டோக்கனை வாங்கிக்கொண்டு கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். தான் யார் என்று சொல்லி முன்னால் போக மனம் வரவில்லை. மதியம் தாண்டி முறை வந்தது.

ஜோதிமணிக்கு எழுபத்து நான்கு வயது. கண் மங்கிவிட்டது. கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வலது கை மடியில் கிடந்தது, கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும்.

"உக்காருங்க. டீ குடிச்சீங்களா?"

தாரணி உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். "சாவி என் கையிலதான் இருந்துச்சு. போட்டிருக்கலாம், போடல."

ஜோதிமணி தலையாட்டினாள். "ஆமாங்க. எல்லாரும் அதையேதான் சொல்றீங்க. ஒரு வார்த்தை மாறலீங்க."

"இல்ல... நான்தான் தாரணி. நெசமா நான்தான்."

"அதையுந்தான் சொல்றாங்க. நேத்து ஒரு மீசக்காரரு, நான்தான் தாரணின்னு கேவிக் கேவி அழுதாரு." சலிப்போடு சிரித்தாள். "மொதல்ல வந்த பையன்கிட்ட நானும் அழுதனுங்க. அவங்கிட்டத்தான் கேக்க வேண்டியதெல்லாம் கேட்டுட்டேன். ஏன் பூட்டுன, ஏன் சன்னலச் சாத்துனன்னு. திட்டியும் தீத்துட்டேன். அப்பறம் மன்னிச்சும் போட்டேன். இப்ப உள்ள ஒண்ணுமே இல்லீங்க, சும்மா உக்காந்திருக்கறேன். மனசுல வச்சுக்காதீங்க, போயிட்டு வாங்க."

தாரணி அவசரமாகக் கைப்பையைத் துழாவினார். சாவியை எடுத்து, ஜோதிமணியின் இடது கையில் வைத்தார். களிம்பேறிய பித்தளைச் சாவி. நாற்பத்து நான்கு வருடத்துக்கு முன் இரண்டு ஆள் உயரத்திலிருந்து போட்டிருக்க வேண்டியது.

"இதப் பாருங்க. அந்தச் சாவியேதான்."

ஜோதிமணி அதை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இவங்களுதும் நல்லாத்தான் செஞ்சிருக்காங்க" என்று மருமகளிடம் சொல்லிவிட்டு, கட்டிலுக்கு அடியிலிருந்த பிஸ்கட் டப்பாவைக் காலால் முன்னே தள்ளினாள். அதில் முப்பது நாற்பது பித்தளைச் சாவிகள் கிடந்தன. எல்லாம் ஒரே அளவு, ஒரே வெட்டு. ஒவ்வொருவரும் தங்கள் உள்ளங்கையில் குத்திய நினைவை வைத்துச் செய்து கொண்டுவந்தவை. சிலர் களிம்புகூடப் பிடிக்க வைத்திருந்தார்கள்.

"அதுல போட்டுருங்க" என்று சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். "நீங்க எந்தக் கம்பெனிங்க?"

தாரணி குனிந்து, கையை விரித்து, சாவியை டப்பாவுக்குள் போட்டார். மருமகள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள்.