கதவு வரை வந்த தடம்

பையை இறக்கி வைத்ததும் அவள் கண்ணில் பட்டவை ஜன்னல்கள்தான். கடலைப் பார்த்த மூன்றையும் பலகை வைத்து ஆணியடித்திருந்தான் அண்ணன்.

“என்னண்ணா இது? கடலோரத்துல வீடு எடுத்துட்டு இப்படி அடைச்சு வெச்சிருக்க?”

“காத்து,” என்றான். அவள் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.

அவளுக்கு ஆமை முட்டைகளைப் பாதுகாக்கும் வேலை. ஆறு வருடமாக ஓர் ஆமைகூடக் கரையேறாத கடற்கரை அது. விடுதிகளின் வெளிச்சமும் இழுவலைகளும் அவற்றை விரட்டியடித்திருந்தன. இந்த வருடம்தான் விடுதிக்காரர்கள் இரவில் விளக்கை அணைக்க ஒப்புக்கொண்டார்கள். ஒன்றாவது திரும்பி வருகிறதா என்று பார்க்க அவளை அனுப்பியிருந்தார்கள்.

அண்ணன் இழுவைப் படகு ஓட்டுகிறவன். “நான் பாவம் பண்றேன், நீ கழுவிடு. குடும்பக் கணக்கு சரியாயிடும்” என்று முன்பெல்லாம் சிரிப்பான்.

இப்போது சிரிக்கவில்லை.

அன்றிரவு ஒரு சத்தம் அவளை எழுப்பியது. கனமான எதையோ மணலில் இழுப்பது போல. ஓர் இழுப்பு. சற்று ஓய்வு. மறுபடி இழுப்பு.

வாசல் கதவருகே வந்து நின்றது.

விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தாள். அலையிலிருந்து கதவு வரை ஆமைத் தடம். சந்தோஷத்தில் கத்தப்போனவள் அப்படியே நின்றுவிட்டாள். திரும்பிப் போன தடம் இல்லை. நடுவில் வயிறு உரசிய கோடு. வலப்பக்கம் துடுப்புக்கால் பதிந்த பள்ளங்கள்.

இடப்பக்கம் மணல் மட்டமாகக் கிடந்தது.

பின்னால் அண்ணன் நின்றிருந்தான்.

“தினமும் வருதா?”

“பதினோரு நாளா.”

“என்னண்ணா பண்ணின?”

“வலையில மாட்டிக்கிச்சு. உயிரோடதான் இருந்துச்சு. புது வலை… அறுக்க மனசு வரல.”

“அதனால?”

“அறுத்தேன்.”

அவள் பார்வை தடத்தின் மட்டமான இடப்பக்கத்துக்குப் போனது.

அன்று இரவு கதவைத் தாழிட்டுவிட்டு இருவரும் கூடத்தில் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். சத்தம் வந்தது. கதவை எட்டியது.

நிற்கவில்லை.

தாழ் அசையாமலே உள்ளே வந்துவிட்டது. அழுகிய பாசியின் வாடை மூச்சை அடைத்தது. குளிர்ந்த ஏதோ அவள் பாதத்தை உரசிக்கொண்டு அண்ணனின் அறைக்குள் போயிற்று. நீண்ட ஒரு பெருமூச்சு. பிறகு ஈர மணல் சுவரில் சளீர் சளீரென்று விழும் ஓசை.

“பாப்பா…” அவன் அவள் கையைப் பற்றினான்.

“பேசாத. முட்டையிடும்போது தொந்தரவு பண்ணக் கூடாது.”

காலையில் கட்டிலடியில் ஈர மணல் மேடு. கீழே சிமெண்ட் தரையில் ஒரு கீறல்கூட இல்லை. மணலுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகள் வெதுவெதுப்பாக இருந்தன.

அவற்றை அவள் கரையில் வேலியிட்டுப் புதைத்தாள். நாய் அண்டாமல் அண்ணனே காவல் படுத்தான். ஆமை தப்பிப் போக வலையில் வழி வைத்துத் தைத்தான். மற்ற படகுக்காரர்களையும் நச்சரித்துத் தைக்க வைத்தான். அந்தப் பருவம் முடிவதற்குள் நான்கு ஆமைகள் கரையேறி, முட்டையிட்டு, நல்லபடியாகக் கடலுக்குத் திரும்பின. இரவில் இழுப்புச் சத்தம் கேட்கவேயில்லை.

நாற்பத்தொன்பதாம் நாள் மாலை குஞ்சுகள் பொரிந்தன. கூடையில் அள்ளிவந்து மணலில் இறக்கியதும் கடலை நோக்கி ஓடியவை, அலை தொடும் இடத்தில் ஒன்றாக நின்றுவிட்டன.

யாருக்கோ காத்திருப்பது போல.

அண்ணன் மெல்லத் தண்ணீரில் இறங்கினான். குஞ்சுகள் அவன் பின்னால் நகர்ந்தன. முழங்கால், இடுப்பு, மார்பு.

“அண்ணா, போதும்! திரும்பி வா!”

“வர முடியல பாப்பா.” அவன் திரும்பாமலே சொன்னான். “கையைப் புடிச்சிருக்கு.”

அவள் அலறிக்கொண்டு தண்ணீரில் பாய்ந்தாள். அவள் எட்டுவதற்குள் குஞ்சுகளில் கடைசியும் அலைக்குள் மறைந்தது. அவன் தள்ளாடிப் பின்னால் சாய்ந்தான். விட்டுவிட்டது.

வீட்டுக்கு வந்து துடைத்து, உடை மாற்றி, அடுப்பருகே உட்கார வைத்தாள். கத்தி பிடிக்கும் கையின் மணிக்கட்டு மட்டும் காயவில்லை. அழுத்தித் துடைத்தாள். ஒரு நொடி காய்ந்தது. மறுநொடி தோலிலிருந்து தண்ணீர் துளிர்த்தது.

நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு.

வருடம் இரண்டாகிறது. இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது.