இரண்டு லட்சத்துக்கான சீட்டு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாளை மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது, நாலு ரூபாயாக இருந்த சீட்டு முப்பத்தொன்றுக்கு ஏறியிருந்ததை லீமா பார்த்தாள். கைப்பேசியைச் சேலையில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். முப்பத்தைந்து.

சீட்டு ஒரு யூடியூப் சானலின் மேல். அவள் கணவன் ஆன்ட்ரூஸும் அவளுடைய தம்பி டிஜோவும் சேர்ந்து தொடங்கியது. முட்டம் கடலில் மீன்பிடிப்பதைக் காட்டுவார்கள். சானலில் எத்தனை பேர் சேர்வார்கள் என்று பந்தயம் கட்ட ஓர் இணையதளம் இருந்தது. சொன்ன எண்ணிக்கை வந்துவிட்டால் சீட்டுக்கு நூறு ரூபாய். வரும் என்று நம்புகிறவர்கள் கூடக்கூடச் சீட்டின் விலை ஏறும்.

போன வருடம், 2017இல், ஒரு லட்சத்துக்கான சீட்டு இப்படித்தான் காரணமில்லாமல் தொண்ணூறுக்கு ஏறியது. மறுநாள் விடியலில், டிஜோ எடுத்த நேரலை ஓடிக்கொண்டிருக்கையிலேயே, ஆன்ட்ரூஸை வள்ளத்திலிருந்து அலை இழுத்துப் போனது. பார்க்க வந்த கூட்டத்தில் இரண்டே நாளில் ஒரு லட்சம் நிறைந்தது.

உடல் கரையேறவில்லை. கடலோடு போனவர்களுக்குச் செய்வதுபோல், பெட்டிக்குள் அவன் உடுப்பை மட்டும் வைத்துக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கினார்கள். சானல் பெயர் அச்சடித்த நீலச் சட்டையைக் கொடியிலிருந்து உருவிக் கொடுத்தவள் லீமாதான். படமெடுத்த கைப்பேசியை இனித் தொடமாட்டேன் என்று டிஜோ அதையும் பெட்டிக்குள் போட்டான். அதன்பிறகு சானலில் யாரும் எதையும் போடவில்லை.

இன்று மாலை ஆறுக்குள் இரண்டு லட்சம் ஆகுமா என்பதுதான் இப்போது பந்தயம்.

"இன்னைக்கு வெளிய எங்கயும் போவாத மக்கா."

பாயில் கிடந்த டிஜோ கண் திறக்காமலே சிரித்தான். "ஞாயித்துக்கிழமை எவன் கடலுக்குப் போவான்?"

"சீட்டு ஏறுது, பாத்தியா?"

"நீயும் ரெண்டு வாங்கிப் போடுக்கா. நான் செத்தா ஒனக்கு லாபமாக்கும்."

அவன் தோளில் ஓங்கி அறைந்தாள்.

"அடிச்சது போதும். கொழம்பு அடிபிடிக்குது, போ."

அவள் வாசலைப் பூட்டிச் சாவியை ஜாக்கெட்டுக்குள் செருகினாள். அவனுடைய அறைக்கதவை வெளியே தாழிட்டு, அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். ஜன்னலுக்குக் கம்பி உண்டு. கருகிய குழம்பு வாடையும், பாறையில் அலை மோதி இறங்கும் இரைச்சலும், முதுகுக்குப் பின்னால் தம்பியின் குறட்டையும் நிதானமாக வந்துகொண்டிருந்தன. அவன் உள்ளேதான் இருக்கிறான். இன்று கடலுக்குப் போவதும் இல்லை. ஆனாலும் விலை இறங்கவில்லை.

அறுபத்திரண்டு. எண்பது.

ஐந்தரைக்குக் கைப்பேசி அதிர்ந்தது. சானலில் நேரலை.

திரை முழுக்க இருட்டு. மூச்சு. பார்க்கிறவர்கள் ஆயிரம், பத்தாயிரம். சேர்ந்தவர்களின் எண் நிற்காமல் ஓடியது. அந்த மூச்சை அவள் கூர்ந்து கேட்டாள். இழுத்து, விக்கி, விடும் குறட்டை. முதுகுக்குப் பின்னால் இப்போது சத்தமில்லை.

ஆறு நெருங்குகையில் திரையில் வெளிச்சம் வந்தது. மிக அருகில் மரப்பலகை. அதன் அடியில் நீலச் சட்டை. வெற்றுச் சட்டையல்ல, நெஞ்சு ஏறி இறங்குகிறது. காலரில் சிவப்பு நூல் தையல்.

நீல நூல் இல்லாமல் சிவப்பில் அவள் தைத்தது. டிஜோவின் சட்டைக்கு.

அடக்கத்தன்று கொடியில் இருவர் சட்டைகளும் கிடந்தன.

தாழைத் தட்டித் திறந்தாள். ஆணியில் இன்னொரு நீலச் சட்டை தொங்கியது. காலரைத் திருப்பினாள். தையல் இல்லை. ஆன்ட்ரூஸுடையது.

பாயில் டிஜோ இல்லை. சிவந்த கல்லறை மணல். ஆள் நீளத்துக்கு. ஒருக்களித்துப் படுத்த வாக்கில்.

மாதா கோவிலில் ஆறு மணி அடித்தது. சீட்டு, நூறு.

"அக்கா," என்றது கைப்பேசி. "கதவைத் தொற."

பெட்டிப் பலகையை உள்ளிருந்து தட்டும் சத்தம். எண் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.