அனுமதி இல்லாத சுவர்

சுவருக்குள்ளிருந்து ஒரு கை எட்டிப் பார்த்தது.

மனிதக் கை! விரலில் கல்யாண மோதிரம்.

இங்கிலாந்தின் சஃபோக் பகுதிக் கிராமம் ஒன்றில் 'கொக்கும் கலப்பையும்' பப். வயது நானூறு. கூரை ஒழுகி, கணப்பை ஒட்டிய சுவர் ஊறி, செங்கல் சரிந்ததில் அந்தக் கை வெளியே வந்திருந்தது.

"மோதிரம் யாரோடது?" இன்ஸ்பெக்டர் கிரிம்ஷா கேட்டார்.

"என் புருஷன் டெரெக்கோடது." பப் முதலாளி ஹில்டா மோதிரத்தையே பார்த்தாள். "மார்ச்ல காணாமப் போனாரு. என்னை விட்டு ஓடிட்டாருன்னு நெனச்சேன்..."

"நீங்க சண்டை போட்டதை ஊரே கேட்டிருக்கு."

"ஆமா. பழைய மர ஜன்னலைப் பிடுங்கி அடுப்புல போட்டுட்டு, பிளாஸ்டிக் ஜன்னல் மாட்டினாரு. அனுமதியும் கேக்கல. சண்டை போடாம கொஞ்சுவாங்களா?"

"கோட்டை எடுத்துக்கங்க மேடம். ஸ்டேஷனுக்குப் போகணும்."

ஹில்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இங்க ஒரு ஆணி அடிக்கக்கூட இவர்கிட்ட மனு போடணும், சார்." மூலையில் நின்ற லயனல் ஃபிச்சைக் காட்டினாள். புராதனக் கட்டட அதிகாரி. "கூரை ஒழுகுதுன்னு ரெண்டு வருஷமாக் கெஞ்சறேன். ஓட்டோட நிறம் சரியில்லைங்கறாரு. நான் எங்க போய் சுவர் எழுப்ப?"

ஃபிச் அதைக் காதிலேயே வாங்கவில்லை.

"இன்ஸ்பெக்டர், உங்க கான்ஸ்டபிளைக் கடப்பாரையைக் கீழ போடச் சொல்லுங்க. ஒரு செங்கல் உடைஞ்சாலும் கேஸ் போடுவேன்."

ஹில்டா அழுதுகொண்டே உதிர்ந்த கலவையை நசுக்கினாள். சுண்ணாம்பு. நடுவில்... குதிரை முடி! நானூறு வருஷத்துக்கு முந்தைய முறை, ஆனால் கலவை புதுசு.

இந்த ஊர்க் கொத்தனார் எவனும் சிமென்ட்டைத் தவிர எதையும் தொடமாட்டான். பிணத்தை மறைக்கிற அவசரத்தில் உட்கார்ந்து சுண்ணாம்பு குழைத்தவன் யார்?

மார்ச்சில் ஆய்வு என்று சொல்லி பப்பை ஒரு வாரம் பூட்டி, சாவியைக் கையில் வைத்திருந்தது யார்?

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கொன்னவன் சரியான சோம்பேறி, சார். சிமென்ட்டை அள்ளி அப்பியிருக்கான். மட்டமான வேலை."

"சிமென்ட்டா?" ஃபிச்சின் முகம் சிவந்தது. "கண்ணு அவிஞ்சு போச்சா? சுத்தமான சுண்ணாம்பும்மா அது! குதிரை முடிக்கே ஊர் ஊரா அலைஞ்சே..."

சட்டென்று வாயை மூடினார்.

கிரிம்ஷா மெல்லத் திரும்பினார். "எதுக்கு அலைஞ்சீங்க?"

"நானூறு வருஷ ஜன்னல், இன்ஸ்பெக்டர்." ஃபிச் பிளாஸ்டிக் ஜன்னலைக் காட்டினார். "அதைப் போய் எரிச்சிருக்கான்... மனுஷனா அவன்?"

விலங்கு மாட்டினார்கள்.

வாசலில் ஹில்டா மறித்தாள்.

"கூரையை மாத்த விட்டிருந்தா சுவரும் நின்னிருக்கும், நீங்களும் தப்பிச்சிருப்பீங்க. அது கிடக்கட்டும்... இந்தச் சுவர் கட்ட அனுமதி வாங்கினீங்களா, சார்?"