ஈரத் துவாலை ரொட்டி

லோகேஸ்வரன் காலையிலிருந்து முன்னூற்றுச் சொச்சம் ரொட்டி சானாய், அதாவது மலாய் நாட்டுப் பரோட்டா, வீசிவிட்டார். சனிக்கிழமை வந்தால் ஜார்ஜ்டவுனில் யார் வீட்டிலும் அடுப்பே எரியாதோ என்னவோ, ஊரே அந்தச் சின்னக் கடைக்குச் சாப்பிட வந்ததுபோல இருந்தது. கடைசி மேசை காலியானபோது மணி இரண்டு. அவருக்கு நிற்கவும் தெம்பில்லை. உட்கார்ந்தால் எழுந்திருப்போமா என்றும் தெரியவில்லை.

மகள் தனுஜாவும் மேசை துடைத்துத் துடைத்து ஓய்ந்துபோயிருந்தாள். பத்து வயதுப் பிள்ளைக்கு அதுவே அதிகம். ஆனால் வீட்டுக்குப் போக முடியாது. இன்றைக்கு அப்பாவின் தோளைக் கணினி பார்க்கப்போகிறது.

மூன்று மாதமாக அப்பாவுக்கு வலது தோளில் வலி. இந்த மாதத்துக்குள் சரியாகாவிட்டால் ஜுருவில் ஒரு தொழிற்சாலைக்கு இரவுக் காவல் வேலைக்குப் போய்விடுவதாகச் சொல்லிவிட்டார். இரவு வேலை என்றால் தனுஜா பள்ளிக்குக் கிளம்பும்போது அப்பா தூங்குவார். அவள் படிக்க உட்காரும்போது கிளம்பிவிடுவார். அப்புறம் அப்பா என்று ஒருவர் இருந்தென்ன?

கணினியைக் கொண்டுவந்தவர் ஷாஹிரா அக்கா. பல்கலைக்கழகத்தில் படிப்பவர். நம் தசைகள் வேலை செய்யும்போது துளி மின்சாரம் உண்டாகுமாம். தோலின்மேல் பொட்டு மாதிரி ஒட்டும் கருவிகள் அதைப் பிடித்துக் கணினிக்கு அனுப்புமாம். எந்தத் தசை எந்தத் தசையோடு கூட்டுச் சேர்ந்து வேலை செய்கிறது என்று கணினி கணக்குப் போட்டுச் சொல்லுமாம். ஷாக் அடிக்குமா என்று அப்பா நாலு தடவை கேட்டார். அடிக்காது என்று அக்கா நாலு தடவையும் பொறுமையாகச் சொன்னார்.

விடிகாலையில், அப்பா தெம்பாக இருந்தபோதே, அக்கா ஒருமுறை பதிவு செய்துவிட்டார். களைத்தபின் இன்னொருமுறை பதிவு செய்து, இரண்டையும் ஒப்பிட வேண்டும். அதற்கென்று முதலாளி சந்திரசேகரன் சரியாக இருபது மாவு உருண்டை எடுத்து வைத்திருந்தார். நான்கு மணிக்குக் கடை மறுபடி திறந்துவிடும். திங்கட்கிழமை கருவியைத் திருப்பித் தர வேண்டும். இன்றைக்கு விட்டால் கிடையாது.

அக்கா அப்பாவின் தோளிலும் கழுத்திலும் முதுகிலும் பொட்டுகளை ஒட்டிவிட்டு, காரிலிருந்து கணினியை எடுத்துவரப் போனார். அப்பா முகத்தைச் சுளித்தபடி தோளைப் பிடித்துக்கொண்டார்.

தனுஜா தினமும் செய்வதைத்தான் செய்தாள். பையிலிருந்த தைலத்தை எடுத்து, பொட்டுகளில் கை படாமல், தோளில் சுற்றிச் சுற்றித் தேய்த்துவிட்டாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு “ஆ… அங்கதான்” என்றார். அவளுக்கு மனம் குளிர்ந்துபோனது.

அக்கா வந்ததும் அப்பா இருபது உருண்டையையும் வீசி முடித்தார். அக்கா திரையைப் பார்த்தார். முகம் தொங்கிப்போனது. காலையில் ஒழுங்காக இருந்த கோடுகள் இப்போது சின்னப் பிள்ளை சுவரில் கிறுக்கியதுபோல இருந்தன.

“மெஷின் போச்சு போல லா, அண்ணே” என்றார்.

அப்பா மெல்ல நாற்காலியில் உட்கார்ந்து, பரவாயில்லை, ஜுருவில் நாற்காலி போட்டுத்தான் வேலை, வீச்சும் கிடையாது ஒன்றும் கிடையாது என்றார். அக்கா வயர்களைச் சுருட்டத் தொடங்கினார்.

தனுஜா மூக்கைச் சொறிந்தாள். விரலில் தைல வாசம் குப்பென்று அடித்தது. சொல்லாமல் இருந்துவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. கருவியின் தலையில் பழி போய்விடும். ஆனால் அப்பாவும் ஜுருவுக்குப் போய்விடுவாரே.

“அக்கா, மெஷின் போகல. நான்தான் தைலம் தேய்ச்சேன். அப்பாவுக்கு வலிச்சதுன்னு.”

அக்கா ஒரு பொட்டைத் தொட்டுப் பார்த்தார். வேர்வையோடு எண்ணெய் உள்ளே இறங்கி, அது பாதி கழன்று கிடந்தது. அக்கா திட்டவில்லை. திட்டுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. பெருமூச்சு விட்டு, அப்பாவைக் கழுவிக்கொண்டு வரச் சொன்னார். சோப்புப் போட்டுக் கழுவி, மருந்துப் பஞ்சால் துடைத்து, புதுப் பொட்டுகளை ஒட்டினார். அதன் பிறகுதான் மூவருக்கும் உறைத்தது. வீசுவதற்கு மாவு இல்லை. பிசைந்து ஊறவைக்க இனி நேரமும் இல்லை.

தனுஜா யோசித்தாள். ரொட்டி போடப் பழகிய காலத்தில் அப்பா எதை வீசிப் பழகினார்? அந்தக் கதையை அவர்தான் நூறு தடவை சொல்லியிருக்கிறாரே. அவளே குளியலறையில் அப்படி வீசி, அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். ஓடிப்போய் ஒரு சுத்தமான கைத் துவாலையை நனைத்துப் பிழிந்து எடுத்துவந்தாள்.

“அப்பா, இதை வீசுங்க. கைக்கு என்ன வித்தியாசம் தெரியப்போகுது?”

அப்பா துவாலையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். எழுந்தார்.

ஈரத் துவாலை காற்றில் விரிந்து, சுழன்று, பலகையில் சப்பென்று விழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. எதிரே ஆணிக்கடை வைத்திருக்கும் சீனத் தாத்தா எட்டிப் பார்த்து, இந்த ரொட்டிக்கு எந்தக் குழம்பு ஊற்றுவீர்கள் என்று மலாயில் கேட்டார். அப்பாவுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. இருபது வீசி முடித்தார்.

இந்தத் தடவை கோடுகள் தெளிவாக வந்தன. கணினி கணக்குப் போட்டு முடித்ததும் அக்கா திரையைத் திருப்பிக் காட்டினார். காலையில் தோளும் முதுகும் ஒரு கூட்டு, கழுத்து சும்மா இருந்தது. களைத்தபின் கழுத்தும் அந்தக் கூட்டில் சேர்ந்துகொண்டு, பாதி வேலையைச் செய்திருந்தது.

“கழுத்தை யாரு கூப்பிட்டா?” என்றார் அப்பா.

“யாரும் கூப்பிடல, அண்ணே. பக்கத்துல தோளுக்கு முடியலன்னா, அதுவா வந்து தாங்கும். அப்புறம் அதுக்கும் முடியாம போயிடும்.”

அப்பா, துவாலையும் கையுமாக நின்ற தனுஜாவைப் பார்த்தார்.

கழுத்து வேலைக்கு வராமல் இருக்க என்ன வழி என்று அக்கா யோசித்தார். தனுஜா இன்று முழுக்க மேசை துடைத்தவளாயிற்றே, அவள் கண்ணில் ஒன்று பட்டிருந்தது. களைக்கக் களைக்க அப்பா அந்தப் பலகையைக் கும்பிடுவதுபோலக் குனிகிறார் என்றாள். பிறகுதான் அப்பாவுக்கும் ஞாபகம் வந்தது. ரொட்டி வீசும் அந்த மேசை, முன்பு இங்கே ரொட்டி போட்ட பழனியப்பனுக்காகச் செய்தது. அவர் அப்பாவின் தோள் உயரம்தான் இருப்பார்.

கடையின் பின்னாலிருந்து நான்கு செங்கல் எடுத்துவந்து மேசைக் கால்களுக்கு முட்டுக் கொடுத்தார்கள். அப்பா மறுபடி துவாலையை வீசினார். திரையில் கழுத்தின் கோடு கொஞ்சமாக ஆடிவிட்டு அடங்கிக் கிடந்தது. இது ஒரே நாளில் போகிற வலி இல்லை, செங்கல்லோடு ஓய்வும் வேண்டும் என்று அக்கா சொன்னார்.

“ஜுரு எங்கேயும் ஓடிப்போயிடாது” என்றார் அப்பா. “ஒரு மாசம் இப்படி வீசிப் பார்க்கறேன்.”

தனுஜாவுக்கு அழுகை வரும்போல இருந்தது. அடக்கிக்கொண்டாள்.

அக்கா பொட்டுகளை ஒவ்வொன்றாக உரித்தெடுத்தார். தனுஜா பையிலிருந்து தைலத்தை எடுத்து நீட்டி, இப்போது தேய்க்கலாமா என்று பயந்து பயந்து கேட்டாள். எவ்வளவு வேண்டுமானாலும் என்றார் அக்கா.

அவள் மூடியைத் திறப்பதற்குள் அப்பா நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தார். கடை திறக்க இன்னும் அரைமணி நேரம் இருந்தது. தனுஜா உள்ளங்கையில் தைலத்தை ஊற்றிச் சூடுபறக்கத் தேய்த்துக்கொண்டு, இத்தனை நாளும் தொடாத அந்தக் கழுத்தில் மெல்லக் கை வைத்தாள்.