கொக்கி நிமிராத கம்பி

செப்டம்பர் 14, புதன்.

நேற்று காலை நான் ஒரு தப்புச் செய்தேன். சின்னத் தப்புதான்... அதனால் ஒரு ஃபிட்டர் லாக்கப்பில் கிடக்கிறார்!

ஒரு தொழிற்சாலையின் கூரை கான்கிரீட்டில் போல்ட் அடித்து மாட்டியிருந்த பளு தூக்கும் மோட்டார், தடாலென்று கீழே விழுந்தது. நேர் கீழே நின்ற தொழிலாளி நசுங்கிப் போனான்.

போல்ட்டோடு கூம்பு மாதிரி ஒரு கான்கிரீட் துண்டும் பெயர்ந்து வந்திருந்தது. அதைக் கட்டிப்பிடித்துக் கதறிக்கொண்டிருந்தார் செத்தவனின் அண்ணன்.

"என் தம்பி ரத்தம் பட்ட கல்லு... தர மாட்டேன்!"

வெகுநேரம் கெஞ்சித்தான் வாங்க முடிந்தது. கல்லின் உடைந்த பக்கமெங்கும் மெல்லிய எஃகுக் கம்பிகள் முள் முள்ளாய் நீட்டிக்கொண்டிருந்தன.

"யோவ் கான்ஸ்டபிள்! சாயங்காலமானா சிவில் இன்ஜினியரிங் படிக்கப் போறியே... இது என்ன?" என்றார் இன்ஸ்பெக்டர் மேடம்.

"எஃகு இழை மேடம். கலவையிலயே போட்டுடுவாங்க. கான்கிரீட் பிளக்காம இழுத்துப் பிடிக்கும். இது இருக்குன்னா கான்கிரீட் மேல குத்தம் இல்ல."

"அப்ப யார் மேல?"

"போல்ட்டுக்குத் துளை போட்டவர்... விரிசல் விட்டிருப்பார்."

தோன்றியதைச் சொன்னேன். சோதித்துச் சொல்லவில்லை.

"நான் துளை போட்டா கொசு கடிச்ச தடம் மாதிரி இருக்கும் சார்!" என்று அலறிய ஃபிட்டரை ஜீப்பில் ஏற்றினோம். அண்ணன் ஓடி வந்து அவர் முகத்தில் துப்பினார்.

"கொலைகாரப் பாவி!"

சாயங்காலம் வகுப்பில் போல்ட்டை இழுத்துப் பார்க்கும் சோதனை. இழை போடாத கான்கிரீட் கட்டி... டப்! கூம்பாய்ப் பிய்த்துக்கொண்டு வந்தது. இழை போட்டது அதைவிட அதிகம் தாங்கியது. முனகியது, நூல் நூலாய் விரிந்தது, கடைசியில்தான் விட்டது. வெளியே உருவி வந்த கம்பிகளைப் பார்த்தேன்.

ஸ்டேஷனுக்கு ஓடிப்போய், பையில் வைத்திருந்த கல்லின் கம்பிகளையும் பார்த்தேன்.

இன்று காலை முதல் வேலையாக மேடத்திடம் போனேன்.

"மேடம், நேத்து நான் சொன்னது தப்பு."

"விளையாடறியா? எஃப்.ஐ.ஆரே போட்டாச்சு!"

"இந்தக் கம்பி நுனியைப் பாருங்க. புதுசுல இருக்கிற மாதிரியே கொக்கியா வளைஞ்சிருக்கு. கான்கிரீட்டுக்குள்ள இருந்து உருவி வந்திருந்தா நிமிர்ந்திருக்கணும். ஒண்ணுகூட நிமிரல!"

மேடம் ஒரு கம்பியைப் பிடித்து இழுத்தார். பட்டென்று கையோடு வந்தது. அடியில் பசை... பசைக்கு அடியில் காய்ந்த ரத்தம்!

"சீ! செத்தவன் ரத்தத்து மேலயே ஒட்டியிருக்கான்... கூரை போட்ட காண்ட்ராக்டர் வேலையா?"

"அவர் வந்தப்ப கல்லு நம்ம பையில இருந்தது மேடம். அதுக்கு முன்னாடி தொட்டது..."

செத்தவனின் அண்ணனைக் கூட்டிவர ஆள் அனுப்பினார் மேடம்.

அண்ணன் வந்தார். அழுதுகொண்டேதான் வந்தார்.

"கையை நீட்டுங்க," என்றார் மேடம்.

விரல் நுனிகளில் பசை காய்ந்து தோல் தோலாய் உரிந்துகொண்டிருந்தது!

"அங்க உங்களுக்கு என்ன வேலை?"

"கூரைக்குக் கலவை போட்ட மேஸ்திரி..."

"இழை மூட்டையெல்லாம்?"

"வெளிய வித்துட்டேன். மிச்சம் ஒரு கைப்பிடிதான் இருந்துச்சு. எல்லாரும் பண்றதுதானே மேடம்?"

"கல்லைக் கட்டிப்பிடிச்சு அழுதீங்களே?"

நான்தான் சொன்னேன்.

"அது பாசத்துல இல்ல மேடம். பசை காயற வரைக்கும் யாரும் பக்கத்துல வரக் கூடாதுன்னு!"

"தம்பி போயிட்டான். திரும்பியா வரப் போறான்?" அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்குக் குடும்பம் இருக்கு. ஃபிட்டர் தனிக்கட்டைதானே... உள்ள இருந்தா யாருக்கு என்ன நஷ்டம்?"

மேடம் எழுந்துபோய் சோப்புப் போட்டுக் கை கழுவினார். திரும்பி வந்து அவர் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் போய்க் கழுவினார்.

இனிச் செய்ய வேண்டியது: ஃபிட்டரிடம் மன்னிப்புக் கேட்டு, வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். அண்ணனை அதே லாக்கப்பில் அடைக்க வேண்டும்.

அதற்கு முன்னால், லாக்கப் சுவருக்குக் கலவை போட்ட மேஸ்திரி யாரென்று விசாரிக்க வேண்டும்!