கைப்பிடிக் கம்பிக்கு ஏழு டாலர் எழுபது சென்ட்

வீட்டில் டெலிபோன் மணி அடித்தபோது ஆல்டன் ரிட்லன் செத்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

அழைத்தவள் துப்பறியும் அதிகாரி நார்மா. சனிக்கிழமை காலை டோனட் கடைக்கு ஆல்டன் வராமல் இருந்ததே இல்லை; அன்று வரவில்லை. சிறுமியாக இருந்தபோது அவர் ஓட்டிய பள்ளிப் பேருந்தில்தான் பத்து வருடம் போய்வந்தாள்.

போனை யாரும் எடுக்காததால் நேரில் போனாள்.

நிலவறைப் படிக்கட்டின் அடியில் கிடந்தார். கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது...

கால் தவறி விழுந்திருக்கிறார், மதியத்துக்குள் விபத்து என்று எழுதிவிடுவேன் என்றார் சாவை உறுதிப்படுத்த வந்த டாக்டர்.

நவம்பரிலிருந்து அங்கேயே தங்கியிருந்த, ஆல்டனின் அக்கா மகன் கர்ட்டிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். வீட்டை விற்கச் சொல்லி மாமாவை நச்சரித்தவன்.

"படிக்கு ஒரு கைப்பிடிக் கம்பி போடுங்கன்னு நூறு தடவை சொன்னேன் மேடம். கடைசிவரைக்கும் போடவே இல்லை."

நார்மா சமையலறைக்குப் போனாள். மேஜையில் மாநில வருமான வரிப் படிவம். பக்கத்தில் காசோலை, தபால்தலை ஒட்டிய உறை.

மெய்ன் மாநிலத்தில் எல்லோரும் பாலத்தைத் தாண்டி நியூ ஹாம்ப்ஷயர் போவார்கள். அங்கே விற்பனை வரி கிடையாது. டிக்கி நிறைய வாங்கி வருவார்கள். அதற்கு மெய்னில் வரி கட்ட வேண்டும் என்பது சட்டம்; ஆனால் ஏப்ரலில், படிவத்தில் 'வெளியே வரியில்லாமல் வாங்கியவை' என்ற கட்டத்தில் கூசாமல் பூஜ்யம் போடுவார்கள். நார்மாவும் அப்படித்தான்.

ஆல்டன் மட்டும் ஒன்று விடாமல் பட்டியல் போடுவார்! மாநிலத்திலேயே ஒரே ஏமாளி நீங்கதான் என்று போன வாரம்கூடக் கேலி செய்திருந்தாள். 

பட்டியலைப் படித்தாள். பனிக்காலணி. காபி மெஷின். கடைசியாக...

'நிலவறைக் கைப்பிடிக் கம்பி. டிசம்பர். 140 டாலர். வரி 7.70.'

படிக்கட்டுக்கு ஓடினாள். சுவரைத் தடவினாள். புது வெள்ளைப் பெயின்ட் விரலில் ஒட்டியது. அதன் அடியில் வரிசையாக நான்கு திருகாணி ஓட்டைகள், பூசி மறைக்கப்பட்டிருந்தன.

ஆல்டன் கண்பார்வை மங்கியவர். இருட்டில் கம்பியைத் தேடி அவர் கை நீண்டிருக்கும்... நார்மாவுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"கர்ட்டிஸ், உங்க மாமா கம்பி வாங்கியிருக்காரு. அதுக்கு வரி கட்டறதா எழுதி வெச்சிருக்காரு."

அவன் முகம் வெளுத்தது.

"சும்மா சொல்லாதீங்க. நியூ ஹாம்ப்ஷயர்ல வாங்கினதுக்கு எவனாவது வரி கட்டுவானா?"

நார்மா அவனையே பார்த்தாள்.

"வாங்கினாருன்னுதான் சொன்னேன். எங்கேன்னு நான் சொல்லலையே."

அவன் கண் வாசலில் நின்ற தன் வண்டிப் பக்கம் போய்த் திரும்பியது. 

கம்பி அவனுடைய வண்டியின் பின்புறம், தார்ப்பாய்க்கு அடியில் கிடைத்தது. திருகாணிகள்கூட அதிலேயே இருந்தன.

டாக்டர் தான் எழுதியதைக் கிழித்தார். ஆல்டனை வெளியே தூக்கிப் போனார்கள். அவர் பக்கத்தில் நடந்துபோன நார்மா, கேலி செய்ததற்கு மன்னிப்புக் கேட்டாள். கேட்க அவர் இல்லை.

திரும்பி வந்து கர்ட்டிஸின் கையில் விலங்கைப் பூட்டினாள்.

"உங்க மாமா எந்த பாக்கியும் வைக்காம கட்டிட்டுப் போயிட்டாரு. இனிமே நீ கட்ட வேண்டியதுதான் பாக்கி. வா, அதுக்குப் பூஜ்யம் போட முடியாது."