புதுநன்மைக் கவுன்

யாரோ ஒரு சிறுமி கோயிலில் முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்காகக் கூலிக்குத் தைத்த வெள்ளைக் கவுனின் கழுத்தோரத்தில் மூன்று இரத்தப் பொட்டுகள். மூட்டைப்பூச்சி நசுங்கியிருக்கும் என்றுதான் இருதயமேரி முதலில் நினைத்தாள். பிறகு பார்த்தால், ஊசி அவளுடைய ஆள்காட்டி விரலுக்குள் பாதி இறங்கி நிற்கிறது.

"என்னா அண்ணி, வெரலையும் சேத்துத் தெச்சிட்டீங்களா?" என்று சிரித்தாள் நாத்தனார் ஸ்டெல்லாமேரி. ஊசியைப் பிடித்து உருவும்போது சிரிப்பு நின்றுபோனது. "வலிக்கலியா?"

"வலிக்காம என்னா?"

வலிக்கவில்லை. இரண்டு மாதமாக உள்ளங்கையிலும் பாதத்திலும் எறும்பு ஊர்வதுபோல ஓயாத குறுகுறுப்பு. இப்போது அந்த எறும்புகளும் எங்கோ போய்விட்டன. சைகோனில் வேலை பார்க்கும் புருஷனுக்கு அவள் ஒரு வரிகூட எழுதவில்லை. பெருவியாதி, குஷ்டம் என்று டாக்டர் வாயிலிருந்து வந்துவிட்டால், ஊருக்கு வெளியே இருக்கிற நோயாளிகள் விடுதிதான். ஐந்து வயது மகள் சின்னப்பாப்பாவைக் கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் நிறுத்தித்தான் காட்டுவார்கள்.

மறுநாள் மத்தியானம், கொட்டுகிற மழையில், ஸ்டெல்லாமேரி அவளை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். குழந்தையும் கூட வந்தது. டாக்டர் அறையில் ஈரக்குடை வாசனையும் மருந்து நெடியும் கலந்து தொண்டையை அடைத்தன.

"கண்ண மூடிக்கம்மா. நான் ஊசியால தொடுவேன். தொட்டா 'ம்'னு சொல்லு."

மூடினாள். ஓட்டின்மேல் மழை. யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம். கை இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. தொட்டாரா? தொடுகிறாரா?

அப்போதுதான் கேட்டது. அவர் குனியும்போதெல்லாம் சட்டைப்பையில் கடிகாரச் சங்கிலி மெல்லக் கிணுங்கியது.

கிணுங்.

"ம்."

கிணுங்.

"ம்."

"ஐ, அம்மா கண்ணாமூச்சி ஆடுது!" என்று வாசலில் கைதட்டியது குழந்தை.

டாக்டர் நிமிர்ந்தார். "நோவு ஒண்ணும் இல்ல. ரத்தம் கொறச்சல். மீனு, முட்டையெல்லாம் நல்லா சாப்பிடு."

"புண்ணியமாப் போவும் டாக்டர் முசியே."

தெருவில் இறங்கியதும் இருதயமேரி அழுதுவிட்டாள். "பொழச்சிட்டேன்டி."

"சும்மா ஊரையே பயமுறுத்துனீங்க. மொதல்ல ஒரு முட்டைய வாங்குங்க," என்று அவள் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டு, ஸ்டெல்லாமேரி தன் வீட்டுக்குத் திரும்பினாள்.

சாயங்காலத்துக்குள் கவுனைக் கொடுத்தாக வேண்டும். கறையை அலசிக் காயவைத்திருந்தாள். குழந்தையோடு வீட்டுக்கு வந்ததும் கரியைப் பற்றவைத்து இஸ்திரிப் பெட்டியை நிரப்பி மூடினாள். கவுனைத் தோளில் போட்டுக்கொண்டு, தெளிக்கத் தண்ணீர் எடுக்கப் பின்கட்டுக்குப் போனாள். ஒரு சொம்புத் தண்ணீர், அவ்வளவுதான்.

வாடை வந்தது.

முடி கருகுகிற வாடை. அதற்கடியில் வேறொன்று, கொழுப்பாக, இனிப்பாக.

கவுனைப் பார்த்தாள். வெள்ளையாகவே இருந்தது.

தன் கைகளைப் பார்த்தாள். விரித்தாள். புரட்டினாள்.

இல்லை.

கருகுவது அவள் கையில்லை.

"அம்மா..." உள்ளிருந்து குரல். சிரிப்பை அடக்கிக்கொண்ட குரல்.

சொம்பு எப்போது விழுந்தது? தெரியவில்லை. கதவைப் பிடித்தபடி நின்றாள்.

சின்னப்பாப்பா முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தது. கண்களை இறுக மூடியிருந்தது. 'ம்' சொல்லத் தயாராக உதடுகளைக் குவித்திருந்தது. சின்ன உள்ளங்கை இஸ்திரிப் பெட்டியின் மூடிமேல் அழுந்தப் பதிந்திருந்தது. விரலிடுக்குகளிலிருந்து நூலாகப் புகை.

"எம்மா நேரம் மூடிக்கினு இருக்கறது? சீக்கிரம் தொடும்மா."